பொன் கிடைத்தாலும் புதன்: மசாலா மில்லுக்கு வாராவாரம் ஒரு பதிப்பு

முதலில் 2024-ல் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் பெரியப்பாவுக்கு ஒரு மசாலா மில் இருக்கிறது. வெயிலில் காயவைத்த மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் வாளியிலும் டின்னிலும் வந்து இறங்கும். அரைத்து, சூடு ஆறவிட்டு, அதே வாளியில் திரும்பிப் போகும். கவுன்டரில் பெரியம்மா. மிஷினில் அண்ணன். கணக்கு முழுக்க கார்பன் ரசீதுப் புத்தகத்தில்.

எனக்குப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் வேலை. வீடு பட்டர்வொர்த்தில். அந்த வருடம் நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மில்லுக்கு ஒரு பில்லிங் மென்பொருள் எழுதினேன். மில்லில் யாருக்கும் காட்டவில்லை. முழுசாக முடித்துவிட்டு அசத்தலாம் என்று நினைப்பு. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோது டேப்லெட்டோடு போய் வைத்தேன். நாற்பது நிமிடம்தான் தாங்கியது. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி எடை, தனித்தனி விலை என்று நான் கட்டியிருந்தேன். மில்லில் அப்படி இல்லை. கறித்தூளுக்கு வரும் கலவையை மொத்தமாக ஒரு தராசில் வைப்பார்கள். ஒரே எடை, ஒரே விலை. என் திரையில் ஒரு வாளிக்கு ஒன்பது வரி அடிக்க வேண்டியிருந்தது. வரிசை கடை வாசலைத் தாண்டி நடைபாதைக்குப் போய்விட்டது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. டேப்லெட்டின் உறையை மூடி, அதன்மேல் ரசீதுப் புத்தகத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

2025-ல் மறுபடி ஆரம்பித்தபோது ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டேன். முதல் வாரமே, எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், கவுன்டரில் வைத்துவிட வேண்டும்.

நிரலை எல்லாரும் பார்க்கத் திறந்துவைக்கும் திறமூலக்காரர்களிடம் பழைய சொலவடை ஒன்று உண்டு: சீக்கிரம் வெளியிடு, அடிக்கடி வெளியிடு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் 0.01 பதிப்பை வெளியே விட்டபோது அதை வைத்து அன்றாட வேலை எதுவும் செய்திருக்க முடியாது. அடுத்த மாதமே 0.02 வந்தது. அப்படித்தான் அது வளர்ந்தது. ஆனால் அதை வாங்கிப் பார்த்தவர்களும் நிரல் எழுதுகிறவர்கள். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பிப் போகத் தெரிந்தவர்கள். பெரியம்மாவுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது. எதிரே பன்னிரண்டு பேர் நிற்க, கையில் பாதி பில். இந்த வித்தியாசத்தை நான் சரியாகப் புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆனது. இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான்.

ஜூலை: அதிமதுரம், இஞ்சி, உளுந்து

மில்லின் பின்னறையில் ஒரு சின்னக் கணினி. அதில் நிரல் எழுத பைத்தான், வலைப்பக்கத்துக்கு ஃபிளாஸ்க், தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட். கவுன்டரில் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட், பிரவுசரில் ஓடும் ஒரே பக்கம், முகப்புத் திரையில் செயலி மாதிரி ஒட்டிவைத்தது. பக்கத்தில் 58 மில்லிமீட்டர் காகித பிரிண்டர். அவ்வளவுதான் சாமான்.

முதல் பதிப்பில் மூன்றே கட்டங்கள்: பெயர், என்ன சாமான், எத்தனை கிலோ. அழுத்தினால் ஒரு எண் வரும். விலை கிடையாது, பிரிண்ட் கிடையாது. ரசீதுப் புத்தகம் வழக்கம்போல ஓடும். இது பக்கத்தில் சும்மா ஓடும். ‘ரெண்டு வேலையா?’ என்று பெரியம்மா கேட்டார். மூன்று வாரம் மட்டும் என்று கெஞ்சினேன்.

வெளியிடும் நாளுக்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. செவ்வாய்க்கிழமைதான் மில்லில் கூட்டம் குறைவு. அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றேன். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், ‘செவ்வாய் வெறுவாய்’ என்றார். சரி, புதன்? ‘பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது. புதனே வை. பன்னண்டுலேருந்து ஒன்றரை ராகு காலம், அதுக்கு முன்னாடி முடிச்சிடு.’ இப்படி ஜூலை 9, புதன் காலை, பெரிய நிறுவனங்கள் தேதி குறிக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு வெளியீட்டு நாள் கிடைத்தது. பிற்பாடு யோசித்தால் பெரியப்பாவின் விதி தொழில்நுட்பமாகவும் நல்ல விதிதான். வாரத்தின் நடுநாள், கடை திறந்ததும், நான் விழித்திருக்கும் நேரம். தப்பு நடந்தால் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பு சரிசெய்ய இரண்டு நாள் கையில் இருக்கும்.

பதிப்புகளுக்கு எண் வைக்கவில்லை. மசாலாச் சாமான் பெயர், அகர வரிசையில்: அதிமதுரம், இஞ்சி, உளுந்து, எள், ஏலம், கடுகு என்று போகும். விளையாட்டுக்காக இல்லை. மிஷின் சத்தத்தில் போனில் ‘ஒன்று புள்ளி நாலு புள்ளி ரெண்டு’ என்று யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது. ‘திரையில மூலையில என்ன எழுதியிருக்கு பெரியம்மா?’ ‘இஞ்சி.’ முடிந்தது. இடையில் சின்னத் திருத்தம் போனால் இஞ்சி 2, இஞ்சி 3. இந்தப் பதிவில் ஒரே ஒரு யோசனையைத் திருடிக்கொள்வதாக இருந்தால் இதைத் திருடிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் உளுந்து. ரசீது அச்சிடும் பதிப்பு. இந்த மாதிரி பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. அதனால் ரசீதைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அகலம் 384 புள்ளி. பைத்தானின் பில்லோ நூலகத்தில் (படம் வரையத் தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) வரைந்தேன். என் மடிக்கணினியில் அழகாக வந்தது. மில்லில் முதல் ரசீதிலேயே வெந்தயத்தின் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. கொத்தமல்லியின் கொம்பும் இடம் மாறியிருந்தது. ஒரு பாட்டி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இது என்னா பாஷை தம்பி?’ என்றார்.

காரணம் இதுதான். எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையைப் பில்லோ தானாகச் செய்யாது. ராக்ம் என்ற நூலகம் செய்யும். பில்லோவோடு ராக்ம் சேர்ந்தே வந்தாலும், ஓடும்போது ஃப்ரிபிடி என்ற இன்னொன்றைக் கணினியில் தேடும். என் மடிக்கணினியில் அது ஏற்கெனவே இருந்தது. மில் கணினியில் இல்லை. இல்லையென்றால் பிழை எதுவும் காட்டாமல், கொம்பை எழுதிய வரிசையிலேயே வரைந்துவிடும். ஃப்ரிபிடியை நிறுவினேன், ஐந்து நிமிடம். ராக்ம் இல்லாவிட்டால் மென்பொருள் தொடங்கவே மறுக்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். உளுந்து 2.

இதில் நான் கவனித்தது வேறு. போன வருடம் மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொண்டுவந்திருந்தால், கொம்புப் பிரச்சினையும் ஒன்பது வரிப் பிரச்சினையும் மற்ற பத்தும் ஒரே காலையில் வெடித்திருக்கும். இங்கே அந்த வாரம் மாறியது அச்சு மட்டும். எங்கே தேடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட்: ஏலம் வராத கதை, அப்புறம் கடுகு

எள்ளில் விலை வந்தது. அடுத்த புதன் ஏலம். சர்வரில், அதாவது பின்னறைக் கணினியில், ஏற்றிவிட்டு பெரியம்மாவைக் கேட்டால், ‘எள்ளுனுதான் இருக்கு.’ திரையைப் புதுப்பிக்கச் சொன்னேன். எள். டேப்லெட்டை அணைத்துப் போட்ட பிறகுதான் ஏலம் வந்தது.

இது சர்வீஸ் வொர்க்கரின் குணம்; பக்கத்தின் நகலைப் பிரவுசருக்குள்ளேயே வைத்திருக்கும் சின்ன நிரல் அது. இணையம் அறுந்தாலும் பக்கம் திறக்கட்டும் என்று அதைப் போட்டிருந்தேன். புதிய பதிப்பு வந்தால் அது இறங்கும். ஆனால் பழையது ஓடும் பக்கம் ஒன்று திறந்திருக்கும்வரை ஓரமாகக் காத்திருக்கும். சும்மா புதுப்பித்தால் போதாது. மில்லின் டேப்லெட்டில் அந்தப் பக்கம் மூடப்படுவதே கிடையாது. ராத்திரி திரை இருண்டுவிடும், அவ்வளவுதான். நாள்கணக்கில் அதே பக்கம் திறந்திருந்தால், புதியது வந்திருக்கிறதா என்று பிரவுசர் எட்டிப் பார்ப்பதும் எப்போதாவதுதான்.

சரி, அணைத்துப் போட்டால் வருகிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ‘அப்புறம்’ அடுத்த புதனே வந்தது.

ஆகஸ்ட் 13, கடுகு. எடையைக் கிலோவில் தசமமாக வைத்திருந்ததை கிராமில் முழு எண்ணாக மாற்றினேன். தசமக் கணக்கில் கடைசிக் காசு அவ்வப்போது பிசகும்; முழு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் தரவில் இருந்த அந்தக் கட்டத்தின் பெயரை மாற்றவில்லை. ‘எடை’ என்பது ‘எடை’யாகவே இருந்தது, பொருள் மட்டும் மாறிவிட்டது. சர்வர் கடுகுக்கு வந்துவிட்டது. டேப்லெட் இன்னும் ஏலத்தில் இருக்கிறது. முதல் வாடிக்கையாளர் இரண்டரை கிலோ மிளகாய். டேப்லெட் 2.5 என்று அனுப்பியது. சர்வர் அதை இரண்டு கிராம் என்று எடுத்துக்கொண்டது. கிலோவுக்கு 4 வெள்ளி (ரிங்கிட்) என்றால் இரண்டு கிராமுக்கு ஒரு காசுகூட முழுசாக வராது. ரசீதில் 0.00 என்று வந்தது.

வாடிக்கையாளருக்கு ஒரே சந்தோஷம். ‘தீபாவளி சலுகையா?’ என்று கேட்டாராம். பெரியம்மா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். ஐம்பது விநாடி. நாற்பது விநாடி மிஷின் சத்தம். நடுவில் ‘ஓசியா அரைச்சுக் கொடுக்கச் சொல்லுது உன் டப்பா.’

பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், டேப்லெட்டும் கடுகுக்கு வந்து, அதற்குள் நான்கு பதிவுகள் கிராமில் ஏறியிருந்தன. ஏலத்துக்குத் திரும்பினால் அவை இரண்டாயிரம் கிலோ, மூவாயிரம் கிலோ என்று காட்டும். போகவும் முடியாது, வரவும் முடியாது. தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்றுகொண்டு போனிலேயே அந்த நான்கு பதிவுகளையும் கையால் திருத்தினேன்.

அன்று இரவு இரண்டு வேலை செய்தேன். முதலாவது, திரையே மணிக்கு ஒருமுறை புதிய பதிப்பு உண்டா என்று கேட்கும். இருந்தால் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும்: ‘புதியது தயார்’. பெரியம்மா தொட்டால்தான் மாறும். பாதி பில் திறந்திருந்தால் பட்டையே வராது. தானாக மாறட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் கையில் இருக்கும் கரண்டியைப் பாதியில் பிடுங்கி வேறு கரண்டி கொடுக்கிற மாதிரி அது.

இரண்டாவது, தரவை மாற்றும் முறை. இனி எந்தக் கட்டத்தின் பொருளையும் மாற்றுவதில்லை. புதிதாக ஒன்று சேர்ப்பேன்: எடை_கிராம். சர்வர் இரண்டு வாரம் பழையதையும் புதியதையும் வாங்கிக்கொள்ளும், இரண்டிலும் எழுதும். எல்லாக் கருவிகளும் புதிதுக்கு வந்துவிட்டன என்று தெரிந்த பிறகுதான் பழையதைத் தூக்குவது. ஒரே நாளில் முடிகிற மாற்றம் மூன்று பதிப்புகளாக நீளும். சலிப்பான வேலைதான். ஆனால் அடிக்கடி வெளியிடுகிறவனுக்கு இது இல்லாமல் பிழைப்பு இல்லை. ஏனென்றால் எந்த நேரத்திலும் இரண்டு பதிப்புகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

பழையதற்குத் திரும்புவதும் அப்போதுதான் உண்மையிலேயே திரும்புவதாக ஆனது. ஒவ்வொரு பதிப்பும் கணினியில் தன் பெயரில் ஒரு கோப்புறை. ‘இப்போது’ என்ற ஒரு சுட்டி அவற்றில் ஒன்றைக் காட்டும். சுட்டியை முந்தைய கோப்புறைக்குத் திருப்பினால் இரண்டு விநாடியில் பழையது ஓடும். கடைசி ஐந்தை வைத்திருக்கிறேன். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழவைத்தது நினைவிருக்கும். அந்தக் கோப்பை 78 நிமிடத்திலேயே அவர்கள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினி எழுந்தால்தானே திருத்தத்தை வாங்கும்? பலவற்றை ஆள் போய்க் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. என் நான்கு பதிவுகளும் அந்தச் சாதிதான், அளவுதான் வேறு.

அந்தச் சம்பவத்தின் இன்னொரு பாதி, கோப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது. எங்களிடம் இருப்பது இரண்டே கருவி: கவுன்டர் டேப்லெட், அண்ணனின் போன். இரண்டே ஆனாலும் வரிசை வைக்கலாம். திங்கள்கிழமை அண்ணனுக்கு மட்டும். அவர் மிஷின் பக்கத்திலிருந்து ‘அரைத்தாகிவிட்டது’ என்று அழுத்துகிறவர். உடைந்தால் கூப்பிட்டுச் சொல்ல நேரம் உண்டு, பொறுமையும் உண்டு. இரண்டு நாள் அவர் கையில் தாங்கினால் புதன்கிழமை கவுன்டருக்கு. ‘என்னை எலியா வச்சிருக்கே’ என்றார். ஆமாம் அண்ணே.

பட்டனை நகர்த்தியவன்

கிராம்பில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சில்லறைக் கணக்கு மட்டும். மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கத் தொகையை ஐந்து காசுக்குச் சுற்றுகிறோம், 9.36 என்றால் 9.35. நான் டுயிட்நவ் க்யூஆரில், அதாவது போனிலிருந்து ஸ்கேன் செய்து, கொடுக்கிறவர்களுக்கும் சுற்றிவிட்டேன். அது ரொக்கத்துக்கு மட்டும். பெரியப்பா கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஒரு காசு வித்தியாசத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள்.

கொத்தமல்லிதான் எனக்குப் பாடம். அதில் பிழையே இல்லை. ஒரு வரிகூட உடையவில்லை. திரை நெரிசலாக இருக்கிறது என்று ‘அச்சிடு’ பட்டனை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தினேன். ‘அழி’யை இடப்பக்கம் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அண்ணன் திங்கள் செவ்வாய் பார்த்தார், அவர் அச்சிடுவதே இல்லையென்பதால் ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை காலை பெரியம்மா முதல் ஒரு மணி நேரத்தில் பதினோரு பில்லை அழித்தார். பட்டனில் இருந்த எழுத்தை அவர் படிப்பதே இல்லை. விரலுக்கு இடம் தெரியும், கண் வாடிக்கையாளர் மேல்.

சுட்டியைத் திருப்பிவிட்டு, அன்று மாலை பெர்ரியில் போகும்போது யோசித்தேன். ஜெட்டியில் இறங்கி மில் பத்து நிமிட நடை. ஏழு வாரமாக நான் பெருமையாக எண்ணிக்கொண்டிருந்தது எத்தனை பதிப்பு விட்டேன் என்பதை. பெரியம்மா எண்ணியது, எத்தனை முறை தன் கை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை. இரண்டும் ஒன்றில்லை. எனக்கு வேண்டியது நிரல் அடிக்கடி மில்லுக்குப் போவது; சின்னச் சின்னதாகப் போனால் எது உடைத்தது என்று தெரியும். அவருக்கு வேண்டியது திரை அசையாமல் இருப்பது. இதையும் அதையும் ஏன் ஒரே கயிற்றில் கட்டிவைத்தேன்?

பெரிய இடங்களிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 2011-ல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று மாறியதும், நூற்றுக்கணக்கான கணினிகளை நிர்வகிக்கிற அலுவலகங்கள் தலையில் கைவைத்தன. 2012 ஜனவரியில் அவர்களுக்கென்று மெதுவான ஒரு கிளை வந்தது: பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அம்சங்கள் அசையாது. எங்கள் கவுன்டர்தான் அந்த அலுவலகம்.

அதனால் கயிற்றை அவிழ்த்தேன். நிரல் தயாரானதும் எந்த ராத்திரியும் போகும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவாக இருந்தாலும் ஒரு சுவிட்சுக்குப் பின்னால், அணைத்த நிலையில். சுவிட்சுகள் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை, கருவிவாரியாகப் போடலாம். புதன்கிழமை காலை நான் பெரியம்மா பக்கத்தில் நின்று, காட்டி, அவர் சரி என்றால் போடுவேன். பிடிக்காவிட்டால் அந்த ஒன்றை மட்டும் அணைப்பேன். அதோடு வந்த மற்ற திருத்தங்கள் அப்படியே இருக்கும். இருக்கிற பட்டனை நகர்த்துவது அதோடு நின்றது. புதியது வேண்டுமென்றால் காலி இடத்தில்.

சுவிட்சுக்கும் ஒரு விலை உண்டு. செப்டம்பர் நடுவில் எண்ணினால் பதினொன்று. அதில் இரண்டு ஒன்றாக எரியும்போது மட்டும் ரசீதின் கடைசி வரி காணாமல் போனது. தனித்தனியாக எரிந்தால் சரி. இப்போது ஒவ்வொரு சுவிட்சுக்கும் பிறக்கும்போதே சாகும் தேதியும் எழுதுகிறேன். தேதி தாண்டினால் எனக்குத் தினமும் ஒரு திட்டு மின்னஞ்சல்.

என்ன மாறியது என்று சொல்வதற்கும் வழி கிடைத்தது. முதலில் திரையில் ஒரு ஜன்னலில் போட்டேன். யாரும் படிக்கவில்லை, மூடிவிட்டுப் போனார்கள். பிறகு அதே பிரிண்டரில் ஒரு துண்டுச் சீட்டாக அடித்து கவுன்டரில் ஒட்டினேன். பதிப்பின் பெயர், கீழே அதிகபட்சம் மூன்று வரி. வாடிக்கையாளர்கள்கூடப் படிக்கிறார்கள். மூன்று வரியில் அடங்காவிட்டால் அந்த வாரம் நான் அதிகமாகச் சேர்த்துவிட்டேன் என்று அர்த்தம், இரண்டாகப் பிரிப்பேன்.

நீல வாளி

பிழை சொல்ல வசதியாக ஒரு பட்டன் வைத்தேன்: ‘இங்கே ஏதோ சரியில்லை’. அழுத்தினால் அந்த நேரத்துத் திரை நிலை எனக்கு வந்துவிடும். மூன்று மாதத்தில் அதை யாரும் ஒருமுறைகூட அழுத்தவில்லை. குரல் செய்திதான் வரும், அதுவும் கோபம் வந்தால்தான். உருப்படியானது எல்லாம் சனிக்கிழமை காலை மில்லில் அரிசி மூட்டைமேல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது.

பதிவுகளைப் பார்த்தால் பெயர்க் கட்டத்தில் விசித்திரமான பெயர்கள்: ‘நீல வாளி’, ‘மைலோ டின்’, ‘மூடி இல்லாத அக்கா’. வேடிக்கையாக இருக்கிறது என்று விட்டிருந்தேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அண்ணன் எண்ணைத் தேடுவதே இல்லை, வாளியைத் தேடுகிறார். ஆளுக்குப் பெயர் முக்கியமில்லை, பாத்திரம்தான் முக்கியம். என் மென்பொருளில் பாத்திரத்துக்கு இடமே இல்லாததால் பெரியம்மா பெயர்க் கட்டத்தை அதற்கு எடுத்துக்கொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அது குறையாகவே தெரியவில்லை. சீரகத்தில் பாத்திரத்துக்கு ஒரு கட்டம் வந்தது, நிறத்தைத் தொட்டால் போதும். அதற்குப் பிறகுதான் ரசீதுப் புத்தகம் மேஜைக்குக் கீழே போனது. நான் எடுத்துவைக்கவில்லை, அவரே.

2024-ல் நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து எழுதியபோது இந்த வாளி எனக்குக் கனவிலும் வந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

செப்டம்பர் 14. வேலை இல்லாத நாள். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் தரவுத்தளத்தை நகலெடுத்துவைக்கும்படி ஆரம்பத்திலேயே செய்திருந்தேன். சரி, ஒருமுறை நகலிலிருந்து எழுப்பிப் பார்ப்போமே என்று வீட்டில் எழுப்பினேன். சனிக்கிழமை மாலைப் பதிவுகள் இல்லை. நகல் எடுத்தது சனி இரவு.

எஸ்க்யூலைட்டை வால் என்ற முறையில் ஓடவிட்டிருந்தேன். அதில் புதிதாக எழுதுவது முதலில் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்புக்குப் போகும்; வழக்கமாக ஆயிரம் பக்கம் சேர்ந்த பிறகுதான் முதன்மைக் கோப்பில் கலக்கும். நான் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டு மாதமாக. மில் சின்னது, ஒரு மாலைப் பதிவுகள் ஆயிரம் பக்கத்தை எட்டாது. எஸ்க்யூலைட்டுக்கே சொந்தமாக பேக்கப் எடுக்கும் வழி இருக்கிறது; ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கான முழு நகல் கொடுக்கும். அதற்கு மாற்றினேன். இந்த இரண்டு மாதத்தில் எப்போதாவது நகலிலிருந்து மீட்க நேர்ந்திருந்தால் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கை.

பட்டை, பட்டை 2

சுக்கு, சோம்பு, திப்பிலி எல்லாம் சத்தமில்லாமல் போயின. அக்டோபர் 1, பட்டை. அதோடு தீபாவளி முடியும்வரை வெளியீடு கிடையாது என்று சீட்டில் அடித்து ஒட்டினேன். தீபாவளி அக்டோபர் 20. கடைசி மூன்று வாரம் மில்லில் நிற்க இடமிருக்காது. முறுக்கு மாவு ஒரு மிஷின், மிளகாய் ஒரு மிஷின், இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அண்ணன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 11, சனிக்கிழமை, பதினொன்றே கால். குரல் செய்தி. ‘தம்பி, சீட்டுல நம்பர் பாதிதான் வருது. எல்லாருக்கும் பத்துனு இருக்கு.’

அன்றுதான் மில் வரலாற்றில் முதல்முறையாக ஒரே நாளில், மதியத்துக்கு முன்பே, நூறைத் தாண்டியிருந்தார்கள். ரசீதின் தலைப்பில் எண்ணைப் பெரிதாகப் போடுகிறேன், ஒரு இலக்கத்துக்கு ஏறக்குறைய 150 புள்ளி. இரண்டு இலக்கம் 300. காகிதம் 384. மூன்றாவது இலக்கத்தின் பாதி வெட்டுப்பட்டுப் போனது. 100-க்கும் 106-க்கும் பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஜூலையிலிருந்து அந்தப் பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

பெரியம்மா மேஜைக்குக் கீழிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். ‘நீ மெதுவா பாரு’ என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று 2024-ல் என்னைப் பார்த்திருந்தவர்களுக்குத் தெரியும்.

நிறுத்திவைத்த காலம் என்று நானே ஒட்டியிருக்கிறேன். உடைக்கலாமா? பேனாவால் எழுதியே அன்றையப் பொழுதை ஓட்டிவிடலாம். ஆனால் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, தினமும் நூறைத் தாண்டும். மாற்ற வேண்டியது ஒரு வரி: எண் காகிதத்தை மீறினால் எழுத்தைச் சிறிதாக்கு. தரவைத் தொடவில்லை, திரையைத் தொடவில்லை. பட்டை கோப்புறை அப்படியே இருக்கிறது, திரும்ப இரண்டு விநாடி. இந்த மூன்றும் இல்லையென்றால் தொட்டிருக்க மாட்டேன். திருத்தி, அண்ணனுக்கு மட்டும் விட்டு, அவர் போனிலிருந்து நான்கு சீட்டு அடித்துப் பார்க்கச் சொன்னேன்: 9, 99, 100, 188. படம் எடுத்து அனுப்பினார். பிறகு கவுன்டருக்கு. மஞ்சள் பட்டை வந்ததும் பெரியம்மா கையிலிருந்த பில்லை முடித்துவிட்டுத் தொட்டார். குரல் செய்தியிலிருந்து அதுவரை இருபத்திரண்டு நிமிடம். ரசீதுப் புத்தகத்தில் ஏழு பக்கம் செலவாகியிருந்தது. அந்த ஏழையும் அன்று மாலை நானே போய் டேப்லெட்டில் ஏற்றினேன். ‘சனிக்கிழமை வெளியீடா?’ என்று பெரியப்பா கேட்டார். நல்ல நேரம் பார்த்துத்தான் விட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்குப் பிறகு நவம்பர் 5, புதன், பெருங்காயம். ஐந்து வாரம் தேங்கிக்கிடந்ததை எல்லாம் ஒரே மூட்டையாக அனுப்பக் கை துறுதுறுத்தது. பிரித்தேன். அந்த வாரச் சீட்டு இன்னும் கவுன்டரில் இருக்கிறது:

பெருங்காயம்.
எண் 999 வரை முழுசாக வரும்.
மற்றது எதுவும் மாறவில்லை.

கடைசி வரியின் கீழே பெரியம்மா பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறார்.